இந்திரா சௌந்தர்ராஜனும் எங்கள் தோட்டத்து முனியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின் இலக்கிய அமர்வில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் முதலில் கேட்டது நீரிழிவும் இரத்த அழுத்தமும் பற்றிய ஒரு பேச்சு. ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் அதைத்தான் கேட்பார்கள். அதை உங்கள் ஊர் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம், எங்களுக்கு ஓர் எழுத்தாளரைப் பற்றிப் பேச இடம் கொடுங்கள் என்றோம். யார் என்று கேட்டார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் என்றோம். "யாரு, அந்தப் பேய்க்கதை எழுதுறவரா?" என்றார் குழுவில் ஓர் அக்கா. ஆமாம் அக்கா, அவரேதான். எங்கள் வகுப்பு முழுவதும் சேர்ந்து வாசித்த ஒரே எழுத்தாளர் அவர் என்பதால், இந்தப் பேச்சில் "நாங்கள்" என்று வரும் இடமெல்லாம் எங்கள் வகுப்பைத்தான் குறிக்கும்.

எங்களில் பாதிப்பேர் அவரை ஒரு பெண் என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம். இந்திரா என்பது அவருடைய தாயாரின் பெயர். சௌந்தர்ராஜன் அதைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார். பிறந்தது 1958 நவம்பர் 13ஆம் திகதி, சேலத்தில். வாழ்ந்ததும் எழுதியதும் மதுரையில். 1970களின் இறுதியில் எழுதத் தொடங்கி, நாற்பத்தைந்து வருடங்களுக்கு மேல் கையை எடுக்காமல் எழுதினார். நாவல், சிறுகதை, வாராந்தத் தொடர்கதை, தொலைக்காட்சித் தொடர், திரைப்படக் கதை என்று எல்லாம் உண்டு. பிற்காலத்தில் ஆன்மிகச் சொற்பொழிவும் செய்தார். 2024 நவம்பர் 10ஆம் திகதி மதுரையில் காலமானார். அறுபத்தாறு வயது நிறைய மூன்று நாட்கள் இருந்தன. அந்த இரவு எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளைப் பார்த்திருந்தால் சொந்தத்தில் யாரோ போய்விட்டார் என்றே நினைத்திருப்பீர்கள். டொரன்டோவில் இருக்கும் ஒருத்தி, "ஹொஸ்டல்ல டோர்ச் வெளிச்சத்தில படிச்ச மனுசன் போயிட்டாருடி" என்று எழுதியிருந்தாள்.

தமிழில் மர்மக்கதை அவரோடு தொடங்கவில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நூறு வருடங்களுக்கு முன்பே ஆங்கிலத் துப்பறியும் கதைகளுக்கு வேட்டி கட்டி விட்டார்கள். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். யோசனை வந்தால் தேநீர் கேட்கும் துப்பறிவாளர் அவர். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து படித்த எங்கள் அம்மாமாருக்கு அவரைப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. பி.டி. சாமி பேய்க்கதைக்கென்றே பெயர் எடுத்தார். கோயம்புத்தூரிலிருந்து ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல்களை எழுதிக் குவித்தார். சுஜாதா "கொலையுதிர் காலம்" நாவலில் பேயையும் விஞ்ஞானத்தையும் நேருக்கு நேர் நிறுத்தினார்.

இவர்களிடம் இல்லாத ஒன்று இந்திரா சௌந்தர்ராஜனிடம் எங்களுக்குக் கிடைத்தது. ராஜேஷ்குமாரைப் படித்தால் பொலிஸ் நிலையமும் பிரேத அறையும் கண்ணில் தெரியும். இவரைப் படித்தால் ஊர் எல்லையில் இருக்கும் கோயில் தெரியும். அதுவும் பெரிய கோபுரக் கோயில் மட்டுமல்ல, மரத்தடியில் அரிவாளோடு நிற்கும் கருப்பசாமியின் இடமும் வரும்.

இதை ஊவாவில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம்முடைய பாட்டன், பூட்டன்மார் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தவர்கள். பெட்டியில் துணி கொண்டுவந்தார்களோ இல்லையோ, சாமிகளைக் கொண்டுவந்தார்கள். முனியாண்டி, மாடசாமி, கருப்பசாமி என்று எல்லோரும் பசறை மலையிலும் நமுனுகுலை அடிவாரத்திலும் ஹப்புத்தளைச் சரிவிலும் இறங்கிக்கொண்டார்கள். அங்கே வெள்ளைக் குதிரை ஏறிய கருப்பசாமிக்கு இங்கே குதிரை இல்லை. மூன்று கல், ஒரு சூலம், மேலே ஒரு தகரம். போதாதற்கு இங்கே வந்து புதுச் சாமிகளும் பிறந்தார்கள். ஸ்டோரில் இயந்திரச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோதைமுனி. தேயிலை வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி. உலகத்தில் வேறெங்கும் கவ்வாத்துக்கு ஒரு சாமி இருப்பதாகத் தெரியவில்லை. அதில் நமக்கு ஒரு பெருமை இருக்கத்தான் வேண்டும்.

ஆகவே "விட்டுவிடு கருப்பா" கைக்கு வந்தபோது அது இந்தியக் கதையாக எங்களுக்குப் படவில்லை. எங்கள் டிவிஷன் எல்லையில் நடக்கிற கதையாகவே பட்டது.

புத்தகம் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் அம்மாமார் காலத்தில், 1970களில், இந்தியச் சஞ்சிகைகளும் நூல்களும் வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் வீரகேசரி நிறுவனம் நம் நாட்டு எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைச் சொன்ன கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை" அப்படித்தான் இங்கே பல வீடுகளுக்குள் போனது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது இந்தியப் பொக்கெட் நாவல்கள் வந்து நிறைந்தன. நாங்கள் படித்த 1990களில் அவை கொழும்பிலிருந்து பதுளை பஸாருக்கு வந்து, அங்கிருந்து யாராவது ஓர் அண்ணனின் சேர்ட்டுக்குள் லயத்துக்குப் போய், லயத்திலிருந்து ஏதாவது ஒரு கணக்குக் கொப்பிக்குள் விடுதிக்கு வந்து சேரும். வரும்போது அட்டை இருக்காது. பல நேரம் கடைசிப் பக்கங்களும் இருக்காது. கொலைகாரன் யாரென்று தெரியாமலேயே பல நாவல்களை முடித்திருக்கிறோம். முடிவை நாங்களே கட்டிக்கொண்டோம். சாதாரண தரப் பரீட்சையில் கட்டுரைக்கு எங்கள் வகுப்பு நல்ல புள்ளி எடுத்ததற்கு அது ஒரு காரணம் என்று இன்றும் நம்புகிறோம்.

விடுதி மேற்பார்வையாளர் ரீச்சர் இந்தப் புத்தகங்களைக் கண்டால் பறிப்பார். பறித்ததை அவர் என்ன செய்தார் என்பது பின்னாளில் தெரிந்தது. அந்த ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார், அவர் சிரிப்பதிலிருந்தே உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

1990களின் நடுப்பகுதியில் "மர்மதேசம்" சன் தொலைக்காட்சியில் வந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கினார். முதல் கதையான "ரகசியம்", இந்திரா சௌந்தர்ராஜனின் "ரகசியமாக ஒரு ரகசியம்" நாவலிலிருந்து வந்தது. அடுத்து "விட்டுவிடு கருப்பா" நாவல் "விடாது கருப்பு" ஆனது. வாரத்தில் ஒரு நாள். அப்போது எங்கள் பக்கத்தில் டிஷ் அன்டெனா வைத்த வீடு ஒன்றிரண்டுதான். அந்த வீட்டு விறாந்தையில் ஐம்பது பேர் இருப்பார்கள். லயன் வீடுகளிலிருந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தவர்கள், முடிந்ததும் எழும்பிப் போக ஆள் இல்லாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூட்டமாகப் போவார்கள். பயம் ஊரை ஒன்றாக்கும் என்பதை அங்கே பார்த்தோம்.

அவருடைய கதைகளின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஓர் ஊர். அங்கே ஒரு கோயில், ஒரு நம்பிக்கை. சாமி தண்டிக்கிறது, அல்லது பைரவரின் நாய் காவல் காக்கிறது. வெளியூரிலிருந்து படித்தவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் அவர்களில் ஒரு வைத்தியரோ ஆராய்ச்சிக்காரரோ இருப்பார். ஊர் ஒன்று சொல்லும், படித்தவர் ஒன்று சொல்வார். சாவு ஒன்று நடக்கும். கதை முடியும்போது பெரும்பாலான முடிச்சுகள் அவிழ்ந்துவிடும். நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருந்தது, ஒரு புதையல் ஆசை இருந்தது, ஆறாத ஒரு மனக்காயம் இருந்தது என்று தெரியவரும். ஆனால் கடைசியில் ஒரே ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவிடுவார். பக்தருக்கும் கோபம் வராது, பகுத்தறிவாளருக்கும் கோபம் வராது. இது வியாபாரத் தந்திரம் என்று சொல்வோர் உண்டு. இருக்கலாம். ஆனால் "விடாது கருப்பு" மனநோய் பற்றித் தமிழ்க் குடும்பங்களின் முன்கூடத்தில் பேசியது போல அதற்கு முன் வேறெந்தத் தொடரும் பேசியதாக எங்களுக்கு நினைவில்லை. முடிவைச் சொல்லமாட்டோம். பின்வரிசைப் பிள்ளைகள் இன்னும் படிக்கவில்லை.

அந்தக் கதைகள் எங்களுக்கு ஒரு கேள்வியைப் பழக்கிவிட்டன: இந்தப் பயத்தால் யாருக்கு இலாபம்?

நாங்கள் உயர்தரம் படித்த காலத்தில், எங்கள் வகுப்பிலிருந்த மூன்று பேரின் தோட்டத்துக்குப் போகும் குறுக்குப் பாதை ஒரு யூக்கலிப்டஸ் தோப்புக்குள்ளால் போனது. ரியூஷன் முடிந்து பஸ்ஸில் இறங்க ஆறு மணியாகிவிடும். அந்தத் தோப்பில் மோகினி நிற்கிறது என்ற கதை திடீரென்று கிளம்பியது. "அந்தப் பக்கம் போவாத புள்ள, வெள்ளச் சீலையோட நிக்குது, பூவரசன் மாமா கண்ணால பாத்துச்சாம்." பெயரை மாற்றியிருக்கிறோம், மாமா இன்னும் இருக்கிறார். சுற்றுப்பாதை நான்கு மைல். முதலில் ஒருத்தியை வீட்டில் நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் அடுத்தவளையும் நிறுத்தினார்கள். மூன்றாமவள் கொஞ்சம் அடங்காதவள், "ரகசியமாக ஒரு ரகசியம்" இரண்டு தரம் படித்தவள். அவள் தம்பியையும் நாயையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் தோப்புக்குள் போய்ப் பார்த்தாள். அங்கே மோகினி இல்லை. இரண்டு பீப்பாயும், ஓர் அடுப்பும், கசிப்பு வடிக்கும் குழாயும் இருந்தன. மோகினியின் வெள்ளைச் சீலை கசிப்பை வடிகட்டப் போட்ட துணி.

கதையாக இருந்தால் இங்கே பொலிஸ் வந்திருக்கும். நிஜத்தில் தலைவர்மார் பேசி, தோப்பு ஒரு மாதம் சும்மா கிடந்து, அடுப்பு வேறு இடத்துக்குப் போனது. மூன்றாமவள் பரீட்சை எழுதினாள். முதலில் நிறுத்தப்பட்டவள் எழுதவில்லை, அதற்குள் அவளுக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள். இன்று அவளுடைய மகள் இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இருட்டில் நாங்கள் பயந்தது முழுக்கப் பேய்க்கல்ல என்பது இங்கிருக்கும் தாய்மாருக்குத் தெரியும். லயத்திலிருந்து தள்ளியிருக்கும் கழிப்பறைக்கு இரவில் போகும் ஒரு பெண் பிள்ளை முனியின் பெயரைச் சொல்லித் துணை கேட்கலாம். குடித்துவிட்டு வழியில் நிற்கும் மனிதரின் பெயரைச் சொல்லிக் கேட்க முடியாது. முனி அவளுக்கு ஒரு மரியாதையான காரணம்.

வைத்தியத்துக்கு வருவோம். எங்கள் வகுப்பிலிருந்து மூன்று பேர் வைத்தியர், நான்கு பேர் தாதியர். நாங்கள் கூடினால் பேசுவது இதைத்தான். இனிச் சொல்வது ஒரு நோயாளியைப் பற்றியல்ல, பல பேரை ஒருவராக்கிச் சொல்கிறோம். பதினாறு வயதுப் பிள்ளை. ஆற்றங்கரையில் விழுந்தாள், கை கால் இழுத்தது, வாயில் நுரை. முனி அடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள். வேப்பிலை அடித்தார்கள். மூன்று வருடம் கழித்து, அடுப்பில் விழுந்து கை வெந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். அது வலிப்பு. ஒழுங்காக மருந்து எடுத்தால் வலிப்பு உள்ளவர்களில் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழமுடியும். இன்னொருத்தி, பிள்ளை பெற்று ஒரு வாரத்தில் தூங்காமல், யாரோ பேசுவது கேட்கிறது என்கிறாள், பிள்ளையைத் தூக்க மறுக்கிறாள். இரத்தக் காட்டேரி என்கிறார்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில் வரும் கடும் மனநோய் அது. அவசரமாகப் பார்க்கவேண்டியது, பார்த்தால் குணமாவது. மூன்றாமவளுக்கு வலிப்பும் இல்லை, பேறுகால நோயும் இல்லை. பிடிக்காத கலியாணப் பேச்சு வரும்போதெல்லாம் சாமி வருகிறது. ஆண் குரலில் பேசுகிறாள். அந்தக் குரலுக்கு மட்டும் அப்பா பயப்படுகிறார்.

இந்த மூன்று பேரிடமும் "பேயெல்லாம் ஒன்றுமில்லை, போ" என்று சொல்லி அனுப்பும் வைத்தியரும், வேப்பிலையோடு விட்டுவிடும் பூசாரியும் எங்கள் கணக்கில் ஒன்றுதான். முதலாமவர் அவளுடைய பயத்தைக் கேட்கவில்லை. இரண்டாமவர் அவளுடைய நோயைக் கேட்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு நோயைக் கேட்கப் படிப்பித்தார்கள். பயத்தைக் கேட்க, "எப்ப வருது? யாரு இருந்தா வருது? வர்றதுக்கு முன்னுக்கு என்ன நடந்திச்சி?" என்று ஒரு துப்பறிவாளரைப் போல ஒவ்வொன்றாகக் கேட்க, எங்களுக்கு முதலில் பழக்கியது பள்ளிக்கூட விடுதியில் படித்த இந்தச் சாணித்தாள் புத்தகங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. விடுதியில் இரவில் நெஞ்சில் யாரோ ஏறி இருப்பது போல, கண் திறந்திருந்தும் கை காலை அசைக்க முடியாமல், கத்தவும் முடியாமல் கிடந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அமுக்குவான் என்போம். கடைசிக் கட்டிலில் படுத்தால் வரும் என்று அந்தக் கட்டிலை முதலாம் தவணைப் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடுவோம். மூளை விழித்துவிட்டது, உடம்பு இன்னும் தூக்கத்திலிருந்து விடுபடவில்லை, அவ்வளவுதான். சில விநாடியில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். தூக்கம் கெட்டால் கூடுதலாக வரும். பரீட்சைக் காலத்தில் அமுக்குவான் விடுதியில் நிரந்தரமாகக் குடியிருந்ததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு சொன்னதால் அவர் எழுதியதெல்லாம் நல்லது என்று நாங்கள் சொல்வதாக நினைக்கவேண்டாம். "ரகசிய"த்தில் வரும் நவபாஷாண லிங்கத்தையே எடுங்கள். நவபாஷாணம் என்றால் ஒன்பது நஞ்சு. அது தொட்ட நீர் நோய் தீர்க்கும் என்பது கதைக்கு மிக நல்ல கரு. ஆனால் கதை என்பதை மறந்து, பாஷாணம் சேர்ந்த மருந்தென்று யாரோ விற்ற தூளைச் சாப்பிட்டு சிறுநீரகம் கெட்டால், அதை எந்தச் சித்தரும் வந்து மீட்டுத் தரமாட்டார். முற்பிறவிக் கணக்கும் அப்படி. ஒரு பிள்ளை பார்வையில்லாமல் பிறப்பதற்கு முற்பிறவிப் பாவத்தைக் காரணம் காட்டும் கதைகளை, கதையின் ருசிக்காகக்கூட எங்களால் இப்போது சீரணிக்க முடிவதில்லை. பிற்காலத்தில் வாரத்துக்கு வாரம் இழுத்த தொடர்களில், பேய் பயமுறுத்துவதை விட்டுவிட்டு உபதேசம் பண்ணத் தொடங்கிவிட்டது என்பதும் எங்கள் அபிப்பிராயம். பயத்தைக் குறைத்துப் பக்தியைக் கூட்டினால் மர்ம நாவல் உப்பில்லாத ரொட்டி ஆகிவிடும்.

அதே கையிலிருந்துதான் "கிருஷ்ணதாசி"யும் வந்தது. தேவதாசிக் குடும்பத்துப் பெண்களின் கதை. தொலைக்காட்சித் தொடராக வந்தபோது பல வீடுகளில் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்று தேசிய விருதுகள் பெற்ற "சிருங்காரம்" படத்தின் கதையும் அவருடையதே. கோயிலுக்குள் பேய் இருக்கிறதோ இல்லையோ, கோயிலின் பெயரால் ஒரு பெண்ணுக்கு என்ன நடக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். அவருடைய மர்மக் கதைகளில் வரும் பாட்டிமாரையும் விதவைகளையும் மறுபடி படித்துப் பார்த்தால், சாமி வந்து ஆடுகிறவர்கள் ஏன் பெரும்பாலும் பெண்களாகவே இருக்கிறார்கள் என்று யோசிக்கத் தோன்றும்.

பயத்தைப் பற்றிப் பேசும்போது மீரியபெத்தையைச் சொல்லாமல் போக முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த மலை இறங்கும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில், மழை பெய்தால் தூங்காத பிள்ளைகளை எங்களில் சிலர் கிளினிக்கில் பார்த்தோம். இரவில் மண்ணுக்குள்ளிருந்து கூப்பிடுகிறார்கள் என்று ஒரு சிறுவன் சொன்னான். அதைப் பேய்க்கதை என்று யாரும் சொல்லவில்லை. அவனிடம் ஓர் ஆசிரியை தினமும் ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவன் சொன்ன கதைகள் எல்லாவற்றிலும் ஒரு முனி வந்து மலையைக் கையால் தாங்கிப் பிடித்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக நம் சங்கம் பள்ளிக்கூட நூலகத்தைப் புதுப்பிக்கிறது. எங்கள் வகுப்பும் தன் பங்கைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. வாங்கவேண்டிய நூல்களின் பட்டியலைப் பார்த்தோம். கடந்தகால வினாத்தாள் தொகுப்பு இருக்கிறது, பொது அறிவு இருக்கிறது, ஆங்கில இலக்கணம் இருக்கிறது. பிள்ளைகள் கொப்பிக்குள் ஒளித்து வைத்துப் படிக்கக்கூடிய ஒரு புத்தகமும் இல்லை. இப்போது ஒளிப்பதற்குக் கைத்தொலைபேசி இருக்கிறது என்பீர்கள். அதில் பேய் வருகிறது, உண்மைதான். ஆனால் அதில் பேய் முப்பது விநாடியில் வந்து கத்திவிட்டுப் போய்விடுகிறது. அது ஏன் வந்தது, யார் அனுப்பியது என்று யோசிக்க நேரம் தருவதில்லை.

ஆகவே ஒரே ஒரு அலுமாரித் தட்டு கேட்கிறோம். அதற்கான பணம் தனியாகச் சேர்ந்துவிட்டது, பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது. சுஜாதா இருக்கிறார், ராஜேஷ்குமார் இருக்கிறார், நம் நாட்டு எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். "விட்டுவிடு கருப்பா"வில் மட்டும் மூன்று பிரதிகள் போட்டிருக்கிறோம். ஒன்று எப்படியும் விடுதிக்குப் போய்த் திரும்பி வராது. இன்னொன்றை ரீச்சர் பறித்துவிடுவார்.